நாமக்கல் நாட்டு வரலாறு எழுதுவார் யார்?

உரோமப் பேரரசு வீழ்ந்த ஆண்டு யாது என்று வினவினால் நம்முள் பலர் தயங்காது விடை பகர்வர். பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணங்கள் யாவை என்று கேட்டால் எண்ணிட்டு எழுதித் தருவர். நும் ஊர் ஏரிக்கு நீர் எந்த மலையிலிருந்து வருகின்றது, அவ்வேரியின் மிகுநீர் எந்த ஆற்றிற் சென்று கலக்கின்றது என்று கேட்டாலோ, வாய் திறப்பார் ஒரு சிலரே. இதனை மாணவர் மேல் குற்றமாகச் சாற்றுதல் முறையன்று. நாம் படித்த பாடநூல்களில் நம் ஊர் இல்லை. இல்லாததை எவ்வாறு படிப்பது? அக்குறையைப் பற்றியும் அதனை நீக்கும் வழியைப் பற்றியும் ஈண்டுச் சில சொல்ல விழைகின்றேன். சேலத்திற்கும் காவிரிக்கும் இடையே, கொல்லிமலைக்கு மேற்கே பரந்து கிடக்கும் சமவெளியே யான் எடுத்துக்கொண்ட பொருள். சுருக்கம் கருதி அதனை நாமக்கல் நாடு என்று வழங்குவேன்.

முதற்கண் அயல்நாட்டுச் செய்தி ஒன்றை நோக்குவோம். அமெரிக்க மக்கள் தம் விடுதலையைச் சாற்றி நூறாண்டு நிறைந்தது 1876-ஆம் ஆண்டில். அவ்வாண்டு அந்நாட்டுச் சட்டப் பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. ஒவ்வொரு கவுண்டியும், ஒவ்வோர் ஊரும், தான் தோன்றிய நாள்தொட்டுத் தன் வரலாற்றைச் சுருக்கமாக எழுதுவித்து, ஜூலை 4-ஆம் நாள் மக்கள் கூடிய அவையிலே படித்தல் வேண்டும். ஒரு படியைக் கவுண்டி எழுத்தர் அலுவலகத்திலும், மற்றொரு படியை நாட்டின் தலைமை நூலகத்திலும் வைத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. தலைவர் கிராண்டு அதனை மக்களுக்கு அறிவித்தார். கவுண்டி என்பது நம் மாவட்டத்தை ஒத்ததோர் ஆட்சிப் பிரிவு. சோளக்கொல்லையும் மாட்டுப் பட்டியும் அன்றி வேறு பெருமை யாதும் இல்லாத கவுண்டிகள் பலவும், தம் ஓடைகளையும் ஆலைகளையும் சாலைகளையும் முதல் பள்ளிக்கூடத்தையும் பற்றி அந்நாளில் எழுதி வைத்தன. 'எம் நாடு சிறிது. இதில் எழுத என்ன உண்டு?' என்று அவர்கள் இருந்துவிட்டார்களில்லை.

அதே 1876-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகழ்ந்தது யாது? மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் கிழவர் கிழவியர் நாவில் வழங்கும் கொடிய பஞ்சம் தொடங்கிற்று. சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1871-ஆம் ஆண்டுக் கணக்கில் 19 இலட்சத்து 60 ஆயிரத்திற்கு மேல் இருந்தது. 1881-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 16 இலட்சமாகக் குறுகிற்று. பெருகியிருக்க வேண்டிய பத்தாண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்றால், எத்தனை ஊர்கள் பாழாயிருத்தல் வேண்டும்! மாண்டவர் பலர், கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவரும் பலர். அங்கே மக்கள் தம் வரலாற்றை எழுதிய ஆண்டு, இங்கே எழுதுவதற்கு மக்களே இல்லாது ஒழிந்த ஆண்டாயிற்று. பஞ்சத்தில் முதலில் மாண்ட கூலியாட்களின் பெயரை எந்த ஏடும் குறிக்கவில்லை.

பின், நம் நாட்டைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் இல்லையா எனின், உண்டு. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு விட்டுக்கொடுத்தான். கேப்டன் அலெக்சாந்தர் ரீடு என்பார் ஆட்சித் தலைவராக வந்தார். தாமஸ் மன்றோ அவருக்குத் துணைவராய் இருந்தார். 1799-ஆம் ஆண்டு முடிய அவர்கள் புலந்தோறும் அளந்து, உழுவானிடமே நேராக வரி பெறும் முறையை வகுக்கத் தொடங்கினர். பின்னாளில் இரயத்துவாரி என்று பெயர் பெற்று மாகாணமெங்கும் பரவிய முறைக்கு வித்திட்ட மண் நம் மண்ணே. பஞ்சத்திற்குப் பின் 1883-ஆம் ஆண்டில் லெபானு என்பார் சேலம் ஜில்லாக் கையேட்டை வெளியிட்டார். 1918-ஆம் ஆண்டில் ரிச்சர்ட்ஸ் என்பாரின் கெசட்டியர் வெளிவந்தது. விடுதலைக்குப் பின் 1967-ஆம் ஆண்டில் அரசினரே மற்றொரு கெசட்டியர் வெளியிட்டனர்.

இந்நூல்களின் அருமையை யான் குறைத்துக் கூறேன். அவை இல்லையேல் இக்கட்டுரையே இல்லை. ஆயினும் அவை எதன் பொருட்டு எழுதப்பட்டன என்பதை மறத்தலாகாது. ஆள வந்தவர்கள், ஆளுதற்கும் வரி தண்டுதற்கும் வேண்டிய செய்திகளைத் தொகுத்தார்கள். அவற்றில் நிலம் வரி விகிதமாகவும், மக்கள் எண்ணாகவும், ஏரி பாசன ஏக்கராகவும் காட்சி தருகின்றன. அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, உழவர் படித்தறியா. ஒரு வீட்டின் கதையை அவ்வீட்டில் வாடகை பெற வந்தவர் மட்டும் எழுதினால் எவ்வாறிருக்குமோ, அவ்வாறிருக்கின்றது நம் மாவட்ட வரலாறு. வீட்டார் எழுத வேண்டிய பகுதி இன்னும் வெற்றேடாகவே உள்ளது.

வீட்டார் எழுதப் புகின் எங்குத் தொடங்குவது? நம்மவர் வழக்கமாகத் தொடங்குமிடம் கொல்லிமலை. வல்வில் ஓரியின் வில்லாண்மையை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டை நாம் அறிவோம். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குத் தந்த செய்தியை அகநானூற்றில் படிக்கின்றோம். பிறகு எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினனாகிய குணசீலன் நாமக்கல் மலையைக் குடைவித்த திருமால் கோயில்களைக் காண்கின்றோம். அத்துடன் ஏட்டை மூடிவிடுகின்றோம். இறுதியில் 1805-ஆம் ஆண்டு தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டதையும், 1888-ஆம் ஆண்டு மோகனூரில் நாமக்கல் கவிஞர் பிறந்ததையும் சேர்த்து மாலை கட்டுகின்றோம். இவை யாவும் பெருமைக்குரியனவே. ஆயினும் வள்ளலுக்கும் வீரனுக்கும் இடைப்பட்ட பல நூறு ஆண்டுகள் இந்நாட்டு மக்கள் என்ன உண்டனர், எதைக் குடித்தனர் என்ற வினா அங்ஙனமே நிற்கின்றது.

என் கருத்து இதுவே: நாமக்கல் நாட்டின் வரலாற்றை நீரின் வழியே எழுதுதல் வேண்டும். இங்கே அரசு மாறிற்று, எல்லை மாறிற்று, தொழில் மாறிற்று. நீர் வேட்கை ஒன்றே மாறவில்லை. இதனை விளக்க நில அமைப்பைச் சிறிது நோக்குவோம்.

வடக்கே சேர்வராயன் மலை. கிழக்கே போதமலையும் கொல்லிமலையும். மேற்கிலும் தெற்கிலும் காவிரி. இடையே கிடப்பது மேட்டு நிலம். ஆங்காங்கே சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் எனத் தனிக் குன்றுகள் நிமிர்ந்து நிற்கின்றன. மண்ணைச் சிறிது அகழ்ந்தால் கருங்கற் பாறை. பாறையின் வெடிப்புகளிலும் சிதைந்த மேற்பரப்பிலும் தங்கும் நீரே கிணற்று நீர்; ஆற்றுப் படுகையிற்போல ஆழ்ந்து அகன்ற மணற்சேமிப்பு இங்கில்லை. தென்மேற்குக் காற்றோ தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிதும் கொட்டிவிட்டு வறிதே வருகின்றது. வடகிழக்குக் காற்றோ கடற்கரையை விட்டு உள்ளே வர வர மெலிகின்றது. நாமக்கல் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டரே.

இச்சிறு மழையைச் சுமந்து செல்லும் ஆறுகளும் சிறியவை. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலைப்புறத்தே தோன்றிச் சேலம் நகரை ஊடறுத்துத் தெற்கே ஓடி, பரமத்தி வேலூருக்கு அணித்தாக நஞ்சை இடையாற்றில் காவிரியை அடைகின்றது. சரபங்காநதி ஓமலூர், எடப்பாடி வழியே சென்று காவிரியில் வீழ்கின்றது. ஆத்தூர்ப் பக்கத்து வசிட்டநதியோ கிழக்கு நோக்கி ஓடி வெள்ளாற்றொடு கலக்கின்றது. ஒரே மாவட்டத்தில் பெய்த மழை ஒருபுறம் காவிரிக்கும் மறுபுறம் வெள்ளாற்றுக்கும் பிரிந்து போகின்றது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் அல்ல இவை. ஓடும் சில நாளில் அவற்றை மறித்து ஏரிகளில் நிறைத்தோர் நம் முன்னோர்.

காவிரிக் கரையின் நிலை வேறு. அங்கே மிகப் பெரும் ஆறு கண்முன் ஓடியும் நிலம் மேடாதலின் நீர் ஏறாது. பரமத்திப் பக்கத்தை ஆண்ட அல்லாள இளைய நாயகர் என்பார் ஜேடர்பாளையத்தில் அணை கட்டி இராசவாய்க்காலை வெட்டுவித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவ்வாய்க்காலும் அதன் கிளைகளும் பாயும் வேலூர், மோகனூர்ப் பகுதிகளில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்பும் செழித்து நிற்பதை வழிப்போக்கரும் காண்பர். அங்கிருந்து சில கல் வடக்கே நடந்தால் ஆமணக்கும் சோளமும் நிலக்கடலையும் வானம் பார்த்து நிற்கும். ஒரு தாலூகாவிலேயே நன்செய்யும் புன்செய்யும் இரு வேறு உலகம். இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழித்தது வாய்க்காலே. பெண் கொடுப்பதும் கடன் கொடுப்பதும் அக்கோட்டைப் பார்த்தே நடந்தன.

வாய்க்கால் எட்டாத இடத்தில் உழவர் கிணறு வெட்டினர். பாறையை உடைத்து இறங்கிய அக்கிணறுகளில் கவலை பூட்டி நீர் இறைத்தனர். எருது சரிவில் இறங்க, வடக்கயிறு இழுக்க, தோற்சால் நீரை முகந்து மேலேறும். விடியுமுன் கவலை ஓட்டுவோர் பாடும் பாட்டு ஊருக்கே பொழுது காட்டுவதாயிருந்தது. இங்கே ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. அச்சாலைத் தைத்துக் கொடுத்தவர் அருந்ததியர். அவர் தைத்த தோலின்றித் தோட்டம் ஒன்றும் விளைந்திராது. ஆயினும் அக்கிணற்றில் இறங்கி நீர் மொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. நீரின் வரலாற்றை எழுதப் புகுவார் இவ்வநீதியையும் எழுதியே ஆதல் வேண்டும். அரசர் வரலாற்றை எழுதினால் இது கண்ணிற் படாது. நீரின் வழியே சென்றால் மறைக்க இயலாது. யான் இம்முறையை விரும்புவதற்கு இது முதற் காரணம்.

இரண்டாம் காரணம், இந்நாட்டின் இன்றைய தொழில்களும் நீரின்மையாலேயே விளங்கும் என்பது. 1925-ஆம் ஆண்டில் தொடங்கி 1934-ஆம் ஆண்டில் முடிந்தது மேட்டூர் அணை. 120 அடி உயரம் நீர் தேக்கும் அவ்வணை நம் மலைகளுக்கிடையே எழுந்தாலும் அதன் நீரின் பெரும்பங்கு தஞ்சைக் கழனிகளுக்கே உரியது. 1950-களில் வந்த கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாசனம் அளிப்பன. மற்றை நிலத்திற்கு அணை தந்தது நீரன்று, மின்சாரம். 1937-ஆம் ஆண்டு மேட்டூரில் மின் உற்பத்தி தொடங்கிற்று. எருது நின்றது, மோட்டார் ஓடிற்று. கிணற்று நீர் இறங்க, ஆழ்துளைக் கிணறு வந்தது.

பாறையைத் துளைத்துத் துளைத்து அக்கலையில் வல்லவராயினர் திருச்செங்கோட்டார். இன்று அவர்தம் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களிலும் சென்று கிணறு துளைக்கின்றன. விளையாத நிலத்தை நம்பி இராது சக்கரத்தை நம்பினர் நாமக்கல்லார். லாரி கட்டும் பட்டறைகள் பெருகின. கோழிக்கு மழை வேண்டுவதில்லை என்று கண்டு பண்ணை வைத்தனர். இன்று நாட்டின் முட்டைத் தொழிலில் நாமக்கல்லின் பெயர் முன்னணியில் நிற்கின்றது. இரண்டாம் உலகப்போரின்போது அயல்நாட்டுச் சவ்வரிசி வரவு நின்றதும், மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் சேலத்தில் வேரூன்றிற்று. மரவள்ளியோ சிறு நீரிலும் விளையும் பயிர். இவற்றைத் தனித்தனி அதிசயங்களாகப் புகழ்வார் பலர். வறண்ட நிலம் ஒன்றே இவையனைத்திற்கும் தாய் என்பதை உணர்வார் சிலரே.

'நன்று, நீர் இல்லாமையே நம்மை வாழ்வித்தது என்றால், நீரைப் பற்றிக் கவலை எற்றுக்கு?' என்று ஒருவர் கேட்கலாம். வினா தகுதியுடையதே. விடை நம் காலடியில் உள்ளது. முன்னோர் கண்ட கிணறு அறுபது எழுபது அடி. இன்று ஆயிரம் அடிக்குக் கீழும் துளைத்து வெறும் புழுதி கண்டு திரும்புவோர் உளர். கோழியும் நீர் குடிக்கும். சவ்வரிசி ஆலைக்கும் நீர் வேண்டும். லாரி நீரைச் சுமக்குமேயன்றிப் படைக்காது. திருமணிமுத்தாற்றில் சேலம் நகரின் சாக்கடையும் சாயக் கழிவும் பல்லாண்டாகக் கலந்து வந்துள்ளன. ஆற்றின் வழியே நிரம்பும் ஏரிகளைச் சூழ்ந்த ஊர்களில் கிணற்று நீரும் கெட்டது. வறுமையால் கற்ற திறமையைக் கொண்டு இருந்த நீரையும் தீர்த்துவிட்டோம் என்று நாளை ஒருவர் எழுதும்படி நேர்ந்தால், அது நமக்குப் புகழாகுமா?

ஏரிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஏரி மண் மூடி மறைவதற்கு முன்னே அதன் பெயர் மறைகின்றது. வரத்து வாய்க்காலின் பெயர் இருந்தால் அதனை அடைத்தவனை ஊரார் கேட்பர்; பெயர் போயிற்றெனில் அது வெறும் பள்ளம்; பள்ளத்தைத் தூர்ப்பவனுக்கு நன்றி கூறுவாரும் உண்டு. தமிழ் பயில்வோர்க்கு இதில் சிறப்பான கடமை ஒன்றுளது. ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் ஒரு கல்வெட்டு. மல்லசமுத்திரம் என்பதில் சமுத்திரம் கடலன்று, பேரேரி. ஏற்காடு ஏரியும் காடும் சேர்ந்த பெயர் என்பர். நஞ்சை இடையாறு தன் நிலத்தின் இயல்பைத் தானே கூறுகின்றது. நாமக்கல்லின் பழம்பெயர் திருவாரைக்கல் என்று கல்வெட்டால் அறிகின்றோம். அறிஞர் ரா. பி. சேதுப்பிள்ளை 1946-ஆம் ஆண்டில் 'ஊரும் பேரும்' என்ற நூலை வெளியிட்டுப் பாதை காட்டினார். அப்பாதையில் ஊர்ப்பெயரோடு நில்லாது, ஏரி, மதகு, ஓடை, காட்டுப்பெயர் ஈறாக நாம் செல்லுதல் வேண்டும்.

எல்லைகளை நம்பி வரலாறு எழுதுவதும் நிலையாது என்பதற்கு நம் நாடே சான்று. கம்பெனியார் காலத்தில் இது மலைக்குக் கீழ்ப்பட்ட 'தாலாகாட்டு'ப் பகுதி எனப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாமக்கல் தாலூகா சில காலம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு இருந்து, பின் சேலத்திற்குத் திரும்பிற்று. 1965-ஆம் ஆண்டில் தருமபுரி பிரிந்தது. 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கல்லைப் பிடுங்கி நடலாம். திருமணிமுத்தாற்றைப் பிடுங்கி நட இயலாது. சேலத்தில் கெட்ட நீர் நாமக்கல் மாவட்டத்தின் கழனியிற் பாய்வதை எந்த அரசாணை தடுக்க வல்லது? ஆற்றின் வரலாற்றை இரு மாவட்டத்தாரும் சேர்ந்தே எழுதுதல் வேண்டும். சேர்ந்தே காத்தலும் வேண்டும்.

இதற்கு எதிராகக் கூறப்படும் உரைகளுள் வலியது ஒன்றுண்டு. 'ஊர் வரலாறு எழுதத் தொடங்கினால் ஊர்ப்பெருமையும் சாதிப்பெருமையுமே பெருகும்' என்பர் அறிவுடையோர் சிலர். இவ்வச்சம் பொய்யன்று. முன்னர்க் கூறிய அமெரிக்காவிலேயே இது நிகழ்ந்தது. 1876-ஆம் ஆண்டின் பின் கவுண்டி வரலாறுகளை அச்சிட்டு விற்றல் ஒரு வாணிகமாயிற்று. பணம் கொடுத்து முன்பதிவு செய்தவருடைய படமும் புகழும் அவற்றில் நிரம்பின. வெள்ளையர் குடியேறிய நாளே நாட்டின் முதல் நாள் என்று தொடங்கி, அதற்கு முன் அம்மண்ணில் வாழ்ந்த பழங்குடியினரை ஓரிரு வரியில் ஒதுக்கின பல நூல்கள். அக்குற்றம் நம் பக்கத்தில் நிகழாவண்ணம் காத்தல் நம் கடன். ஆயினும், கெட்ட வரலாற்றுக்கு மருந்து நல்ல வரலாறேயன்றி மௌனமன்று.

நம்மிடத்தும் அவ்வாறு ஒதுக்கப்பட்டோர் உளர். கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விதைத்து, சமவெளியார் மறந்த சிறுதானிய விதைகளைக் காத்து வருகின்றனர். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் முற்காலத்தில் அங்கு ஏறுவதற்கே தயங்கினர். ஜெஸ்ஸி பிராண்டு, எவலின் பிராண்டு என்னும் தொண்டர் இருவர் அங்குக் குடியேறி மருந்தும் கல்வியும் அளித்தனர். ஜெஸ்ஸி பிராண்டு 1929-ஆம் ஆண்டில் அக்காய்ச்சலுக்கே இரையானார். அம்மலையில் வளர்ந்த அவர்தம் மகன் பால் பிராண்டு, பின்னாளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவையால் திருத்தி உலகறிந்தவரானார். தொண்டரைப் பற்றி நூல்கள் உள. அவர் யாருக்குத் தொண்டு செய்தாரோ அம்மக்கள் தம்மைப் பற்றித் தாமே கூறிய நூல் எங்கே? ஓரியின் மலை என்று பாடுகின்றோம். இன்று அம்மலையில் வாழ்வோரை வினவினோமில்லை.

இனிச் செய்யத்தக்கது யாது? பெரும்பொருள் வேண்டும் திட்டம் எதுவும் யான் கூறவில்லை. ஒவ்வொரு விடுமுறையிலும் நாம் ஊருக்குச் செல்கின்றோம். செல்வோர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லலாம். ஊரின் ஏரி, குட்டை, ஓடை, மதகு, காட்டுப்பெயர் ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டு எழுதுக. பாட்டன் காலத்துக் கிணற்றின் ஆழம் எவ்வளவு, தந்தை காலத்தில் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று குறிக்க. எந்தக் கிணற்றில் யார் நீர் எடுக்கலாம், யார் கூடாது என்றிருந்தது என்பதையும் அஞ்சாது கேட்டு எழுதுக. அக்கேள்வியை ஊரின் எல்லாத் தெருவிலும் கேட்க. பஞ்சக் கதைகளையும் கவலைப் பாட்டுகளையும் சொன்னவர் சொன்னபடியே பதிவு செய்க. தமிழ் மாணவர் பெயர்களை ஆராயலாம். பொருளியல் மாணவர் கணக்கிடலாம். அறிவியல் மாணவர் நீரைச் சோதிக்கலாம். ஏடுகள் யாவும் நம் கல்லூரி நூலகத்தில் ஒரு பேழையில் இருக்கட்டும். ஆசிரியப் பெருமக்கள் இதற்குத் தலைமை தாங்கின், பழைய மாணவர் தம் ஊர்ச் செய்திகளை அனுப்பாதிரார்.

இதனால் பயன் உண்டோ எனின், சேலத்து மூக்கனேரியைக் காண்க. குப்பையும் முட்செடியும் மண்டிக் கிடந்த அவ்வேரியை 2010-ஆம் ஆண்டு தொடங்கி நகர மக்கள் தாமே கூடித் திருத்தினர். நடுவே மண்திட்டுகள் அமைத்து மரம் வைத்தனர். நீர் நின்றது, பறவைகள் வந்தன. அது ஏரி என்று அறிந்து, எம்முடையது என்று கருதியவர் இருந்தமையால் அவ்வேரி பிழைத்தது. அறிதல் முன்னே வரும். காத்தல் பின்னே வரும்.

காலம் நமக்காகக் காத்திராது. கவலை ஓட்டிய கையை உடையோர் ஊருக்கு நால்வர் ஐவராகக் குறைந்துவிட்டனர். அவர்களோடு மறையும் சொல் ஒவ்வொன்றும் எந்த அகராதியிலும் மீளாது. கெசட்டியரின் அடுத்த பதிப்பை அரசினர் வெளியிடட்டும். அதில் அவர்களுடைய கணக்கு இருக்கும். நம் தாத்தாவின் கிணற்றைப் பற்றி அவர்கள் எழுதமாட்டார்கள்.

விவிலியத்தில் ஈசாக்கின் வரலாற்றை நம்முள் பலர் படித்திருப்போம். தன் தந்தை ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்டு, பின்பு பகைவர் மண்ணிட்டுத் தூர்த்த துரவுகளை அவன் மீண்டும் தோண்டினான். தோண்டியதோடு அமையாது, தந்தை இட்ட பழைய பெயர்களையே அவற்றுக்கு மறுபடியும் இட்டான். நீரையும் பெயரையும் சேர்த்தே மீட்டான் அவன். நம் துரவுகளைத் தூர்த்தவர் வேற்றுப் பகைவரல்லர், நம் மறதியே. ஆதலின் தோண்டுதலும் நம் கையில், பெயரிடுதலும் நம் கையில். வரும் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள், பெட்டியில் ஒரு குறிப்பேட்டுக்கு இடம் வைப்பார்களாக.